ஏறி வராத வடிவம்

"கண்ணை மூடிக்கிட்டே இருங்க தாத்தா. திருட்டுத்தனமா முழிச்சுப் பார்த்தீங்கன்னா மறுபடி முதல்லேருந்து சொட்டு விடுவேன்" என்று மிரட்டிவிட்டுச் செவிலிப் பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். செவ்வந்திநாதன் இமைகளை இறுக மூடியபடி, மருந்தின் எரிச்சல் மூக்கின் உட்புறமாக இறங்கித் தொண்டையில் கசப்பாகத் தங்குவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கண்ணில் விட்டது நாக்குக்கு வந்து சேர்கிறது. எது எந்த வழியாக எங்கே வந்து சேர்கிறது என்று தேடிப் போவதிலேயே அவருடைய ஆயுளில் பெரும்பகுதி கழிந்திருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்து, ஒரே கதையின் பல வடிவங்களை அருகருகே வைத்து, இந்தச் சொல் இந்த ஊரில் எப்படிப் புகுந்தது, இந்தப் பாத்திரம் எந்த வாயில் மறைந்து எந்த வாயில் மறுபடி முளைத்தது என்று முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் பார்க்கிற வேலை அது. அந்த வேலையின் பயனாகத்தான் இப்போது இப்படி உட்கார நேர்ந்திருக்கிறது என்று எண்ணினார். கண் புரையைச் சொல்லவில்லை, புரை எல்லாருக்கும் வருவது. இடப்பக்கம் மனைவி மரகதம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் துணிப்பை இருந்தது. அதற்குள் இளையோருக்கான மாயக்கதை நாவல் ஒன்றின் தட்டச்சுப் படி இருந்தது. அவர் படித்து முடித்த எதையும் அடுத்துப் படிப்பவள் அவள், நாற்பதாண்டு வழக்கம். அவள் அதைப் படிப்பதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

பதிப்பாசிரியை நித்திலா காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "ரெண்டே தலைப்புதான் ஐயா. நிறை, குறை. ஒரு பக்கம் போதும். ஆனா முடிவைப் பத்தி மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க. பத்துப் பன்னண்டு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது. அந்தப் பொண்ணு கிணத்துக்கடியிலேயே தங்கிடறான்னு முடிச்சா, பெத்தவங்க புத்தகத்தைத் தூக்கி நம்ம மூஞ்சியிலேயே எறிவாங்க. எழுதினவங்க மாத்தவே மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க, நாட்டார் கதையில உங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது." எழுதியவர் யார் என்று அவர் கேட்டதற்கு, "அது மட்டும் கேக்காதீங்க ஐயா, மதிப்பீடு கைக்கு வந்தப்புறம்தான் பேரைச் சொல்றது எங்க வழக்கம். மத்தியானம் நானே கூப்பிடறேன்" என்று சிரித்தாள். நல்ல பெண். சிரிக்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவாள். விழுங்கப்பட்ட சொற்களை ஊகித்து எழுதக் கூடாது, புள்ளி வைத்து விட்டுவிட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர். அவரே இப்போது, மூடிய இமைகளுக்குப் பின்னால் செந்நிறப் பரப்பில் மிதக்கும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு, நிறைகளிலிருந்து தொடங்குவோம், நிறையைச் சொல்வது பாவமில்லை, என்று தம்மைத் தாமே தட்டிக்கொடுத்தார். தும்பை என்கிற பெண்ணின் ஊர்க் கிணற்றில் ஒரு நாள் எதிரொலி நின்றுபோகிறது. கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதில்லை. அதை யாரோ களவாடிவிட்டார்கள் என்று அவள் கிணற்றுக்குள் இறங்குகிறாள். அடியில் ஒரு நாடு. பழங்கதையில் பெண் இறங்குவது குடம் விழுந்ததற்காக, அல்லது தாயின் மெட்டி விழுந்ததற்காக, இங்கே எதிரொலிக்காக. முதல் நிறை இதுதான்: பழைய கிணற்றில் புதிய தாகம். கீழ்நாட்டுக்கு என்று விதிகள் உண்டு, அந்த விதிகளை ஆசிரியர் தமக்கு வேண்டும்போது வளைக்கவில்லை, இது இரண்டாவது. மாயம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் யாரும் பயப்பட மாட்டார்கள், குழந்தைகள் முதலில் கொட்டாவி விடுவார்கள். பிள்ளைகள் பிள்ளைகளாகவே பேசுகிறார்கள். நீதி ஓரிடத்திலும் மேடையேறவில்லை. குறைகளும் இல்லாமல் இல்லை. நடுப்பகுதி தொய்கிறது. வழிகாட்ட வரும் பறக்கும் கெளுத்தி மீன் வாயைத் திறந்தால் மூடுவதில்லை, ஆசிரியர் சொல்ல வேண்டியதையெல்லாம் அதன் வாயில் திணித்திருக்கிறார். கீழ்நாட்டு இளவரசன் எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வோர் இயலும் மூச்சைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில்தான் முடிகிறது. எப்போதும் மூச்சைப் பிடித்தால் அதுவே மூச்சாகிவிடும். இவ்வளவும் சரி. ஒருவரும் மறுக்க மாட்டார்கள். முடிவு என்ற சொல்லுக்கு வந்ததும் எண்ணம், சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம்போல, இருந்த இடத்திலேயே சுற்றியது.

வலப்பக்கம் யாரோ வந்து தொப்பென்று உட்கார்ந்ததில் இருக்கை முழுதும் ஆடியது. நெல் உமியும் வியர்வையும் கலந்த வாசம். முசிறிப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் என்பது அவர் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டதில் தெரிந்தது. "சாருக்கும் புரைதானா? எனக்கு நாலு வாட்டி விட்டுட்டாங்க சொட்டு. இது கண்ணா, காபி வடிகட்டியான்னு கேட்டேன், அந்தப் பொண்ணு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். மரகதம் சிரித்தாள். "இவருக்குப் படிச்சுப் படிச்சே வந்ததுங்க. கண்ணை எழுத்துக்குத் தின்னக் கொடுத்துட்டார்." "பசங்கள்ளாம் எங்க இருக்காங்கம்மா, வெளிநாட்டுலயா? நம்ம கூட ஒருத்தரும் வர்றதில்லை பாருங்க ஆஸ்பத்திரிக்கு" என்றார் ஆலைக்காரர். செவ்வந்திநாதனுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தது, பதிலும் தெரிந்திருந்தது, முப்பதாண்டுகளாக ஒரு சொல்கூட மாறாமல் வருகிற பதில். மாற்றமின்றிச் சொல்லப்படுகிற கதையைப் பற்றி அவர் ஒருமுறை கட்டுரை எழுதியிருந்தார், அச்சொற்களின் மேல் யாரோ உயிரைக் கட்டித் தொங்குகிறார்கள் என்று பொருள், என. மரகதம் சொன்னாள்: "ஒரே பொண்ணுங்க. எழினின்னு பேரு. பத்து வயசுல ரத்தத்துல வந்த வியாதி. ஆனா அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவோம்னுதான் கடைசி வரைக்கும் இருந்தா. தூங்கறாப்பலே போயிட்டா. அது ஒண்ணுதான் சாமி எங்களுக்குச் செஞ்சது." ஆலைக்காரர் உச்சுக் கொட்டி, "அந்த மட்டும் புண்ணியம்மா. தெரிஞ்சு போறதுதான் கொடுமை" என்றார். அந்த மட்டும் புண்ணியம். செவ்வந்திநாதன் கைவிரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மரகதம் காலையில் எழுந்து பால் காய்ச்சினாள், மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், பிறர் வீட்டுப் பிள்ளைகளின் காதுகுத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். துணிப்பைக்குள் அவளுடைய மடியிலேயே, அந்த வாக்கியத்தின் அடியைச் சீவும் கத்தி இருந்தது.

விக்கலில்தான் அகப்பட்டுக்கொண்டார். நேற்று முன்மாலையில் மூன்றாம் இயலைப் படித்தபோது அது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, அதுதான் இப்போது வியப்பாக இருக்கிறது. கீழ்நாட்டு வாசலில் ஆமை ஒன்று காவல் இருக்கிறது, நுழைகிறவர்களிடம் கூலி கேட்கிறது. அவர் பதிவு செய்த வடிவங்களில் அது நகம் கேட்கும், ஒரு கற்றை முடி கேட்கும், ஓரிடத்தில் கொலுசு கேட்கும். இந்த நாவலில் அது விக்கல் கேட்கிறது. "உன் தொண்டையில் ஒன்று துள்ளுகிறதே, அதைக் கொடு" என்று வாங்கி ஓட்டுக்கடியில் ஒளித்துக்கொள்கிறது. ஓரத்தில் பென்சிலால் 'நல்ல புதுமை' என்று குறித்துவிட்டு மேலே போனார். கடைசி இயலின் ஓரத்தில் 'குறை: எவ்வடிவத்திலும் இல்லாத முடிவு, சிறாருக்குப் பொருந்தாது' என்று எழுதினார். எழுதியதற்கு ஆதாரம் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. கதைக் குறிப்பு அட்டைகள் வைத்த பெட்டியை இறக்கி, ஆமை, வாசல், கூலி என்ற பிரிவை எடுத்து ஒவ்வோர் அட்டையாகத் தள்ளினார். விக்கல் இல்லை. லால்குடியில் இல்லை, திருமானூரில் இல்லை, கல்லணைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டிலும் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டதுபோல் மட்டும் இருந்தது. குரலும் நினைவில் இருந்தது, சொன்னவர் முகம் மட்டும் வரவில்லை. ஆண் குரல், சற்றுக் கரகரப்பு, குழந்தையிடம் பேசுவதற்காக வலிந்து மென்மையாக்கிய குரல். அடுத்த அட்டையைத் தள்ளும்போது அது யாருடைய குரல் என்று தெரிந்தது. அட்டைகளில் அது இருக்க முடியாது. அவர் எல்லாரையும் பதிவு செய்தார், தம்மைப் பதிவு செய்யவில்லை. மருந்தின் வேகத்தில் எழினிக்கு ஓயாமல் விக்கல் வந்த அன்று, தண்ணீர் கொடுத்தும் நிற்காமல் அந்தச் சின்ன உடம்பு படுக்கையில் தூக்கித் தூக்கிப் போட்ட அன்று, அவளைச் சிரிக்க வைப்பதற்காக, நகத்தையும் முடியையும் நீக்கிவிட்டு, ஆமையின் கையில் விக்கலைக் கொடுத்தவர் அவர்தான். முடி என்று எப்படிச் சொல்வது, அவளுக்கு முடியே கிடையாதே அப்போது. அந்த வடிவம் உலகத்தில் ஒரே ஒரு வாயால், ஒரே ஒரு காதுக்குச் சொல்லப்பட்டது. அது நாவலுக்குள் வர வேண்டுமானால் அந்தக் காது ஒரு வாயாகி இருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில். இமைக்குள் செந்நிறம் கறுத்து, அந்நாளைய மருத்துவமனைக் கூடத்தின் பச்சைச் சுவர் வந்தது, பினாயில் வாடை வந்தது, ஜன்னல் கம்பியில் காய்ந்த சாத்துக்குடித் தோல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்ட சிறுமி ஒருத்தி இருந்தாள். மாவுக்கட்டின் மேல் எழினி பூனை வரைந்திருந்தாள். அந்தச் சிறுமியின் பெயர் என்ன? கதை சொன்னவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கேட்டது என்று நான்கையும் குறிக்காத பதிவைக் குப்பையில் போடுகிறவர், கண்ணெதிரே நான்கு முழத் தூரத்தில் கிடந்த அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கதையில் பெண் ஏறி வந்துவிடுவாள். எல்லா வடிவங்களிலும் ஏறி வருவாள், அதனால்தான் அந்தக் கதையை அங்கே எடுத்துப் போனார். அவர் சொன்னதில் ஆமை விக்கலைத் திருப்பிக் கொடுக்கும், பெண் கிணற்றுமேட்டில் வந்து விக்குவாள், தாய் அந்த விக்கலை வைத்து அடையாளம் கண்டுகொள்வாள். ஒரு மாலை, பழச்சாறு வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தவர், எழினி பக்கத்துக் கட்டிலுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுத் திரைக்கு இப்பால் நின்றார். சொல்பவரின் முன் போய் நின்றால் சொல் கெட்டுவிடும், தொழில் பழக்கம். "...படியெல்லாம் கீழதான் போவுது. அவ ஏறி வரலை" என்று எழினி சொன்னது காதில் விழுந்தது. அவர் திரையை விலக்கினார். எந்தக் கதைசொல்லியையும் திருத்தக் கூடாது, பாம்பு பறந்தது என்று சொன்னால் பறந்தது என்றுதான் எழுத வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் மாணவர்களிடம் கண்டிப்புக் காட்டியவர், வாழ்நாளில் ஒரே ஒரு கதைசொல்லியைத் திருத்தினார். "இல்லடா கண்ணு, ஏறி வந்துடுவா. அப்பா சொன்னது மறந்துபோச்சா?" எழினி அவரைப் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆமாப்பா. மறந்துட்டேன். ஏறி வந்துடுவா" என்றாள். பக்கத்துக் கட்டில் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தைகள் சொல்லும் வடிவங்களில் காணப்படும் பிறழ்வுகள் பெரும்பாலும் மறதியால் நேர்பவை என்று அவர் ஏற்கெனவே நூலில் எழுதியிருந்தார். எழினியின் சிரிப்பை அந்த வரிக்கு இன்னொரு சான்றாக எடுத்துக்கொண்டு, பழச்சாற்றைக் குவளையில் ஊற்றினார். அது மறதி இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தகப்பனிடமும் தாயிடமும் சொல்ல வழியில்லாமல், காலொடிந்த ஒரு பெண்ணிடம், கதையின் கடைசியில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இனி என்ன சொல்வது நித்திலாவிடம்? முடிவு குறை என்று சொன்னால் போதும். நாளையே மாற்றிவிடுவார்கள், தும்பை ஏறி வருவாள், புத்தகம் அச்சாகும், மரகதம் அதைப் படித்து, 'ஆமை நல்லா இருக்குங்க' என்பாள். விக்கலை அவள் அறிய மாட்டாள். அன்று விக்கல் வந்த நேரத்தில் அவள் மருத்துவரைத் தேடி ஓடியிருந்தாள். பொய்யும் இல்லை, சிறாருக்குப் பொருந்தாது என்று நேற்று, எதுவும் தெரிவதற்கு முன், நடுநிலையோடுதானே எழுதினேன்? எழுதினேன். நடுநிலையோடா? ஏறி வராத பெண்ணைக் கண்டதும் பென்சில் அவ்வளவு அழுத்தமாக ஏன் இறங்கியது, தாள் ஏன் கிழிந்தது? சரி, நிறை என்று சொல்வோம். அது அவளுடையது என்பதால் நிறையா, நிறை என்பதால் நிறையா? ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் கற்பனையாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவருக்கு ஒரு கணம் தும்பையை மட்டும், எழினி இல்லாத தும்பையை மட்டும் பார்க்க முடிந்தது: எதிரொலியைத் தேடிப் போன பெண் தானே எதிரொலியாக நின்றுவிடுகிறாள். கதை முழுதும் அந்த ஒரு படியை நோக்கித்தான் இறங்கியிருக்கிறது, அதை மாற்றினால் கெளுத்தி மீனும் இளவரசனும்தான் மிஞ்சுவார்கள். ஆக, நிறைதான். நூலின் ஒரே பெரிய நிறை. அது உறுதியானதும் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மரகதம் படிப்பாளே. படித்ததும் எங்கே உட்காருவாள், எதைப் பிடித்துக்கொள்வாள், மறுநாள் ஆலைக்காரரைப் போல ஒருவர் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவளுக்கு ஒன்றும் தெரியாதுங்க என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு எங்கே போய் நிற்கும்? ஒரு குழந்தை செத்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே விளக்கை ஊதி அணைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? மாற்றச் சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம். அப்போது எழினி திரைக்கு அந்தப்புறம் இருந்து பார்க்கிறாள், நேரம் எடுத்துக்கொண்டு பார்க்கிறாள், இரண்டாவது முறையாக, ஆமாப்பா, மறந்துட்டேன், என்று சிரிக்கிறாள்.

அலைபேசி மரகதத்தின் பையில் அடித்தது. "அந்தப் பதிப்பகத்துப் பொண்ணுங்க" என்று எடுத்து அவருடைய காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வளையல் அவர் கன்னத்தில் குளிர்ந்தது. நித்திலா எடுத்த எடுப்பில், "ஐயா, முடிவை மாத்தச் சொல்லிடலாமில்ல?" என்றாள். "கெளுத்தி மீனை வாயை மூடச் சொல்லுங்கள்" என்றார் செவ்வந்திநாதன். குரல் வெளியே வந்ததே அவருக்கு ஆறுதலாக இருந்தது. "இளவரசனை எடுத்துவிடலாம். நடுவில் இரண்டு இயல்களை ஒன்றாக்கலாம். முடிவில் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது." "ஐயா, நாட்டார் வடிவத்துல அப்படி இருக்கா? இருந்தா பின்னுரையில ஒரு வரி போட்டுப் பெத்தவங்களைச் சமாளிச்சிடலாம்." "இருக்கிறது." "எந்த ஊர் வடிவம்னு போடறது?" அவர் வாயைத் திறந்தார். பெயர், வயது, ஊர். நாக்கில் சொட்டு மருந்தின் கசப்பு இன்னும் இருந்தது. "திருச்சி" என்றார், "திருச்சியில் ஒரு சிறுமி சொன்னது. வயது பத்து." மரகதத்தின் கை அவர் காதருகே அசையாமல் இருந்தது. "பேரு ஐயா?" "பேரை நான் பிறகு சொல்கிறேன்." மரகதம் அலைபேசியை அணைத்துப் பைக்குள் போடும் ஓசை கேட்டது, போட்டபின் பையை மூடவில்லை. ஆலைக்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், அவர் "வர்றேம்மா" என்று எழுந்து போனதில் இருக்கை ஒரு பக்கம் இலேசாயிற்று.

"என்ன முடிவுங்க அது?" என்றாள் மரகதம். "மாத்தக் கூடாதுன்னு இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க. எந்தப் பத்து வயசு?" பைக்குள் அவளுடைய கை துழாவும் ஓசை கேட்டது. "கடைசி அத்தியாயம்தானே? நான் வாசிக்கவா?" வேண்டாம் என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், கண் தெளியட்டும், வெயில் தாழட்டும். ஆனால் வீட்டில் அவள் தனியாக, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, அவர் கோழித் தூக்கத்தில் இருக்கும் பிற்பகலில் படிப்பாள். தனியாகப் படிக்கக் கூடாது. "வாசி" என்றார். தாள்கள் புரண்டன. எச்சில் தொட்டுப் புரட்டுகிறாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அக்கம்பக்கம் கேட்காத குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"'இந்தப் படிகள் கீழே மட்டும்தான் போகும் தும்பை. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்' என்றது ஆமை. 'எனக்கு முன்பே தெரியும்' என்றாள் தும்பை. 'தெரிந்துமா தினமும் மேலே பார்த்து, ஏறிக்கொண்டே இருக்கிறேன் என்று கத்துகிறாய்?' 'அம்மா கிணற்றுமேட்டில் நிற்கிறாள். என் குரல் போகாவிட்டால் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். போனால், தூங்கப் போவாள்.' ஆமை தன் ஓட்டுக்கடியிலிருந்து விக்கலை எடுத்து, இதையாவது வைத்துக்கொள் என்று நீட்டியது. தும்பை வேண்டாம் என்று தலையசைத்தாள். 'விக்கினால் குரல் உடையும். உடைந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.' அன்று மாலையும் மேலிருந்து, தும்பை, தும்பை, என்று குரல் வந்தது. அவள் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள். 'இன்றைக்குக் கொஞ்சம் தேவலை அம்மா' என்று கத்தினாள். 'நிறையப் படி ஏறிவிட்டேன்.' மேலே விளக்கு ஒன்று கிணற்றை விட்டு விலகி, வீட்டைப் பார்த்து நடந்தது. அது போய்ச் சேரும்வரை தும்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்."

தாள் மடியில் விழும் ஓசை கேட்டது. செவ்வந்திநாதன் கண்ணைத் திறந்தார். திறக்கக் கூடாது என்றிருந்தார்கள். திறந்தும் ஒன்றும் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் பால் கொட்டியதுபோல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் நடுவில் மரகதம் இருக்க வேண்டிய இடத்தில் உருவம் கரைந்த ஒரு சாம்பல் நிழல். அழுகிறாளா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வருகிற மூச்சு.

"மாவுக்கட்டு ஜொகராவா இதை எழுதியிருக்கா?" என்றாள்.

பக்கத்துக் கட்டில் சிறுமியின் பெயரை அவள் கேட்டு வைத்திருந்தாள். அவர் தலையை அசைத்தார், ஆமென்றோ இல்லையென்றோ தெரியாதபடி.

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலைம்மா. அப்படியேதான் சொல்லுவா. தினம் சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பறப்போ. நீங்க ராத்திரிக்கு இருப்பீங்க, நான் கிளம்புவேன்." நிழல் அசைந்தது. "வாசல்ல திரும்பிப் பார்த்தா கையை ஆட்டுவா. கிண்டல் வேற. 'போயேன், போய்க் குறட்டை விடு போ'ம்பா."

"மரகதம்."

"நான் போய்த் தூங்கினேங்க" என்றாள் அவள். "நம்பிட்டு, நெசமாவே தூங்கினேன்."

உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். வெளிச்சத்துக்குள் கையை நீட்டி அவர் அவளைத் தேடினார். முதலில் தாள்கள்தான் அகப்பட்டன.